தோள் சுமந்ததைக் கம்பி சுமக்கட்டும்!



மலைக்குப் போகக் கால் போதுமா, கம்பி வேண்டுமா? இதுதான் இன்றைய கேள்வி. ‘கால் போதும்’ அணியினர் அழகாகப் பேசினார்கள். வியர்வை சிந்தி ஏறினால்தான் மலையின் அருமை தெரியும் என்றார்கள். கைதட்டல் பலமாக இருந்தது. தட்டியவை கைகள்தான், முழங்கால்களைக் கேட்டிருந்தால் தீர்ப்பு வேறாக இருந்திருக்கும்!

பினாங்கு லிட்டில் இந்தியாவில் பூக்கட்டிப் பிழைக்கும் எழுபது வயதுப் பாட்டி ஒருவரை எண்ணிப் பாருங்கள். கொடிமலை உச்சியில் இருக்கும் முருகனைப் பார்க்க அவருக்கு ஆசை. துறைமுகப் பக்கம் நடந்துபோய் 204-ஆம் எண் பேருந்தைப் பிடித்தால் அடிவாரம் வரை போய்விடலாம். அதற்கு மேல்? உச்சி சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ‘நடந்து போங்கள் பாட்டி, புண்ணியம்’ என்று சொல்ல எதிரணியில் யாருக்காவது மனம் வருமா?

அந்தக் காலத்தில் எல்லாரும் நடந்துதானே போனார்கள் என்றார் ஒரு பேச்சாளர். போகவில்லை ஐயா! வெள்ளைக்கார அதிகாரிகளும் செல்வந்தர்களும் குதிரையில் போனார்கள். இல்லையென்றால் டோலியில் போனார்கள். டோலியில் உட்காருவது ஒருவர், தோள் கொடுப்பது பலர். குளிர்காற்று வாங்கியது ஒருவர், வியர்த்தது மற்றவர்கள். ‘கால் போதும்’ என்று சொல்லும்போது, யாருடைய கால் என்றும் கேட்க வேண்டாமா?

அந்தத் தோள்களிலிருந்து டோலியை இறக்கி வைத்தது கம்பிதான். முதலில் எடுத்த முயற்சி தோற்றது. பிறகு கட்டிய மலை ரயில் 1923-ல் ஓடத் தொடங்கியது. அதன் சூட்சுமம் எளிமையானது. ஒரே கம்பி, இரு முனையிலும் இரண்டு பெட்டிகள். இறங்குகிற பெட்டியின் எடை ஏறுகிற பெட்டியைத் தூக்கிவிடும். மிச்ச பாரத்தை மட்டும் மோட்டார் இழுக்கும். இறங்குகிறவர் ஏறுகிறவருக்குக் கை கொடுக்கிறார். இதைவிடப் பெரிய மனிதத் தத்துவம் உண்டா?

முன்பு நடுவழியில் இறங்கி வண்டி மாற வேண்டும். பயணம் அரைமணி நேரம். 2010-ல் ரயிலை நிறுத்திப் புதுப்பித்தபோது, ஓராண்டுக்கு மேல் ஜீப் பாதைதான் கதி. 2011-ல் வந்த புதிய வண்டி, ஒரு தடவைக்கு 100 பேர் வரை ஏற்றிக்கொண்டு பத்து நிமிடத்துக்குள் உச்சியில் விடுகிறது. ஆனால் ஒரே வழியை எத்தனை காலம் நம்புவது? அதனால்தான் தாவரவியல் பூங்காவிலிருந்து உச்சிவரை, சுமார் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கேபிள் கார் அமைக்கும் பணி 2024-ல் தொடங்கியது.

கம்பி வந்தால் பக்தி போய்விடுமாம்! பழனியைப் பாருங்கள். அங்கே 1966-ல் வின்ச் வந்தது, 2004-ல் ரோப் கார் வந்தது. பாதயாத்திரை நின்றதா? காவடி குறைந்ததா? முடிந்தவர் படியேறுகிறார், முடியாதவர் கம்பியில் ஏறுகிறார். சந்நிதியில் இருவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

கேபிள் கார் வெறும் சுற்றுலாப் பொம்மையும் அல்ல. கொலம்பியாவின் மெடலின் நகரில் 2004 முதல், மலைச்சரிவில் வாழும் ஏழைத் தொழிலாளர்கள் அதில் இறங்கி வந்து மெட்ரோ ரயில் பிடித்து வேலைக்குப் போகிறார்கள். பொலிவியாவின் லா பாஸ் நகரில் 2014 முதல் அதுவே நகரப் பேருந்து மாதிரி!

எதிரணி சொன்ன ஒன்றை மறுக்க முடியாது. கொடிமலைக் காடு 2021-ல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமானது. தூண் நடுகிற இடத்தில் மரம் விழும். விழுகிற ஒவ்வொரு மரத்துக்கும் கணக்குக் கேட்க வேண்டும். பராமரிப்பிலும் கறார் வேண்டும். பழனியில் ஆண்டுதோறும் ரோப் காரை நிறுத்தி வைத்துப் பழுது பார்க்கிறார்களே, அது தொல்லை அல்ல, உயிர்க்காப்பு.

அதைவிட முக்கியமானது கட்டணம். மலை ரயிலில் மலேசியர்களுக்கு வெளிநாட்டவரைவிடக் குறைந்த கட்டணம். கேபிள் காரிலும் அது வேண்டும்; முதியோருக்கு இன்னும் குறைய வேண்டும். டிக்கெட் விலை ஊர்க்காரருக்கு எட்டாமல் போனால் அது கேபிள் கார் அல்ல, கம்பியில் தொங்கும் டோலி! ஏறுவது சிலர், அண்ணாந்து பார்ப்பது ஊர்.

ஆகவே நடுவர் அவர்களே, காலுக்குப் படி இருக்கட்டும், கால் ஓய்ந்தவருக்குக் கம்பி இருக்கட்டும். மலை எல்லாருக்கும் பொதுவாகட்டும் என்று தீர்ப்புச் சொல்லுங்கள்.