அந்த மனை யாருடையது?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஊரும் நாமும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஊரைப் பற்றிக் குறை சொல்வது சுலபம். அதனால் என்னைப் பற்றிய ஒரு குறையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இந்த வட்டாரம் வளர்ந்த கதை உங்களுக்குத் தெரியும். 1017-ல் ராமானுஜர் பிறந்த ஊர் என்று பெயர் பெற்ற ஸ்ரீபெரும்புதூர், 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார் வெளியே வந்த பிறகு வேறு ஊராகிவிட்டது. 2006-ல் நோக்கியா வந்தது, 2014-ல் மூடியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறந்தது. தொழிற்சாலைக்குப் பின்னாலேயே மனை வியாபாரமும் வந்தது. "இப்ப வாங்கிப் போடு, பத்து வருஷத்துல பாரு" என்று எல்லோரும் சொன்னார்கள். 2007-ல் நானும் ஒரகடம் பக்கத்தில் அரை கிரவுண்டு வாங்கினேன். நாலு மூலையிலும் கல் நட்டேன். பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

2019-ல் எனக்கு ஒரு கடிதம் வந்தது. "தங்கள் காலி மனையில் குப்பை கொட்டப்பட்டு, முட்புதர் வளர்ந்து, பொதுமக்களுக்கு இடையூறாக உள்ளது" என்று எழுதியிருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. கொட்டினவன் எவனோ, கடிதம் எனக்கா? சண்டை போடும் எண்ணத்தோடுதான் வண்டியைக் கிளப்பினேன்.

போய்ப் பார்த்தால் நான் நட்ட கல்லையே காணோம். சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. உள்ளே ஓட்டல் கழிவு, தெர்மோகோல், பழைய டயர், இளநீர்க் கூடு. பக்கத்து வீட்டில் குடியிருந்த ஒரு அம்மா வெளியே வந்தார். தையல் வேலை செய்பவர். அவருடைய பையன் டெங்கு வந்து, ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"அம்மா, இதை நான் கொட்டலையே" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "கொட்டினது யாருன்னு எனக்கும் தெரியாது சார். இடம் யாருதுன்னு தெரிஞ்சுக்கவே ஒன்றரை வருஷம் ஆச்சு" என்றார்.

நண்பர்களே, அந்த ஒன்றரை வருஷத்தைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்தேன். அவர் முதலில் போன இடத்தில் "தனியார் நிலம், நாங்க கை வைக்க முடியாது" என்றார்கள். அடுத்த இடத்தில் "அது எங்க எல்லையில வராது" என்றார்கள். மூன்றாவது இடத்தில் மனுவை வாங்கி வைத்தார்கள், ரசீது தரவில்லை. கடைசியில் கிராம சபையில் எழுந்து நின்று, எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகுதான் யாரோ சர்வே எண்ணை வைத்துப் பட்டாவைப் பார்த்து என் பெயரைக் கண்டுபிடித்தார்கள்.

நம்ம பக்கத்தில் இதுதான் பெரிய சிக்கல். ஒரே சாலையில் நடந்து போனால் நாலு எல்லை வரும். பெங்களூர் நெடுஞ்சாலை மத்திய அரசின் நெடுஞ்சாலை ஆணையத்துக்கு. ஊருக்குள் தெருவும் சாக்கடையும் உள்ளாட்சிக்கு. தொழிற்பேட்டைக்குள் சிப்காட்டுக்கு. பெரும்பாலான ஏரிகள் நீர்வளத்துறைக்கு. குப்பைக்கு மட்டும் எல்லை தெரியாது. இங்கே கால்வாயில் போட்டது மழை வந்தால் அடையாற்றுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் போய்ச் சேரும். செம்பரம்பாக்கம் சென்னை குடிக்கும் தண்ணீர்!

"புகார் கொடுத்தா என்ன ஆகப் போகுது?" என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். மத்தியப் பிரதேசத்தில் ரத்லாம் என்று ஒரு ஊர். அங்கே ஒரு வார்டு மக்கள், திறந்த சாக்கடையும் நாற்றமும் தாங்காமல், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவின்கீழ் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். அவர் நகராட்சிக்கு உத்தரவு போட்டார். நகராட்சி, பணம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 1980 ஜூலையில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். பணம் இல்லை என்பதைக் காரணம் காட்டி, மக்களின் சுகாதாரத்தைக் காக்கும் கடமையிலிருந்து நகராட்சி நழுவ முடியாது என்பது அதன் சாரம். வழக்குப் போட்டவர்கள் பெரிய மனிதர்கள் அல்ல, ஒரு தெருவில் குடியிருந்தவர்கள். அந்தப் பிரிவு இன்று, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில், 152-வது பிரிவாக இருக்கிறது. உள்ளாட்சி மேல் மட்டுமல்ல, இடிந்து விழும் நிலையில் கட்டடத்தை விட்டு வைத்திருக்கும் சொந்தக்காரர் மேலும் அது பாயும்.

நம் சென்னையிலேயே 1989-ல் எக்ஸ்னோரா தொடங்கியபோது, தெருக்காரர்களே கூடி, வீட்டு வாசலில் குப்பை வாங்க ஆள் வைத்தார்கள். இங்கிலாந்தில் 2007-ல் "ஃபிக்ஸ் மை ஸ்ட்ரீட்" என்று ஒன்று வந்தது. யார் புகார் கொடுத்தாலும் அது வரைபடத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அதில்தான் சூட்சுமம். பத்துப் பேர் பார்க்கும்போது மனு மேஜை டிராயருக்குள் தூங்காது.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வேலை. மனு எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை. "எங்க ஏரியா ரொம்ப மோசம்" என்று எழுதினால் அதை யாரும் எடுத்துச் செய்ய முடியாது. தெருப் பெயர், பக்கத்து வீட்டுக் கதவு எண், முடிந்தால் சர்வே எண், எப்போதிலிருந்து, தேதியோடு ஒரு படம். இது எந்தத் துறைக்கு என்று விசாரித்து அனுப்புங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. முதல்வரின் உதவி மையத்துக்கு 1100 இருக்கிறது. எங்கே கொடுத்தாலும் ரசீது எண் வாங்காமல் திரும்பாதீர்கள். வேலை நடந்துவிட்டால் ஒரு நன்றிக் கடிதமும் போடுங்கள். நம் குப்பையை எடுக்கிறவரும் ஒரு மனிதர்தான். இன்னொன்று, தேங்கிய தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ரசீது வாங்கிவிட்டோம் என்று காத்திருக்காமல், டயரில் நிற்கும் தண்ணீரை அன்றைக்கே கவிழ்த்து விடுங்கள்.

என் மனை கதையை முடிக்கிறேன். ஜேசிபி வைத்து இரண்டு நாளில் சுத்தம் செய்தேன். சுற்றிலும் வேலி போட்டேன். என் பெயரும் போன் நம்பரும் எழுதி ஒரு பலகை வைத்தேன். ஆனால் பூரா வெற்றி என்று சொல்ல மனசு வரவில்லை. இப்போது குப்பை அடுத்த மனையில் விழுகிறது. அதன் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கிறாராம். தையல்கார அம்மா மறுபடி மனு எழுதிக்கொண்டிருக்கிறார். இந்தத் தடவை எழுதிக் கொடுத்தது நான்.

நம் செட்டில் எத்தனை பேர் இந்தப் பக்கம் மனை வாங்கிப் போட்டிருக்கிறோம் என்று எனக்குத் தெரியும். காலையில் டிபன் சாப்பிடும்போது விலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு நடை அங்கே போய்ப் பாருங்கள். நீங்கள் நட்ட கல் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி உங்கள் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். இன்னொரு அம்மாவுக்கு ஒன்றரை வருஷம் மிச்சமாகும்.