காயலான் கடைக்குப் போகாத போர் இயந்திரங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"கால் மணி நேரம் பேசுப்பா, அரசியல் வேண்டாம், மற்றபடி உன் இஷ்டம்" என்றார் சங்கச் செயலாளர். என் இஷ்டம் பழைய போர் விமானங்களும் ராணுவ வண்டிகளும்தான். பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன காஞ்சிபுரத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இரண்டு. ஒன்று, பக்கத்தில் இருக்கும் அரக்கோணம். இன்னொன்று, நம் ஆட்டோமொபைல் லேபுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் நிற்கும் ஜோங்கா. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அரக்கோணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி விமானத் தளம் 1992 மார்ச்சில் தொடங்கப்பட்டது. அங்கே இருந்ததுதான் டி.யு.-142 என்ற ராட்சதன். சோவியத் நாட்டிடமிருந்து 1988-இல் எட்டு விமானங்கள் வாங்கப்பட்டன. நான்கு இன்ஜின்கள், ஒவ்வொன்றிலும் எதிர் எதிராகச் சுற்றும் இரண்டு புரொப்பல்லர்கள். நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிக் கண்டுபிடிப்பது அதன் வேலை. 29 வருடம் உழைத்துவிட்டு, 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றது. அதன் இடத்துக்கு போயிங் பி-8ஐ 2013-லேயே வந்துவிட்டது.

அந்த டி.யு.-142-களில் ஒன்று காயலான் கடைக்குப் போகவில்லை. 2017 ஏப்ரலில் அரக்கோணத்திலிருந்து விசாகப்பட்டினத்துக்குப் பறந்தே போனது. அங்கே பகுதி பகுதியாகக் கழற்றி, கடற்கரைச் சாலைக்குக் கொண்டுபோய், மறுபடி பூட்டினார்கள். அந்த டிசம்பரில் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இப்போது பள்ளிப் பிள்ளைகள் அதன் வயிற்றுக்குள் நடந்து பார்க்கிறார்கள்.

பார்க்கிறவர்களுக்கு அது சந்தோஷம். நம்மைப் போன்ற இன்ஜினியருக்கு உடனே கவலை வரும். கடற்கரை ஆயிற்றே, உப்புக் காற்றாயிற்றே! விமானத்தின் உடம்பு அலுமினியக் கலவை. அதில் எஃகு போல்ட்டுகள் இருக்கும். இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால், அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்யும். அலுமினியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்; உள்ளே தகடு தகடாகப் பிரிந்து கொண்டிருக்கும். ஆகவே, நிறுத்தி வைத்துவிட்டால் பாதுகாத்துவிட்டோம் என்று அர்த்தமில்லை. கழுவ வேண்டும், நீர் வடியும் துளைகள் அடைக்காமல் பார்க்க வேண்டும், மூட்டுகளைத் திறந்து பார்க்க வேண்டும். இது வருடா வருடம் செய்கிற வேலை.

நம் ஊரிலேயே இதற்கு நேர் எதிரான பாடம் ஒன்று உண்டு. அத்திவரதர் 1979-க்குப் பிறகு 2019-இல்தான் வெளியே வந்தார். 40 வருடம் தண்ணீருக்குள் இருந்தார். அத்தி மரம் எப்படித் தாங்கியது? பக்தர்களின் பதில் ஒன்று. அதற்குக் குறுக்கே நான் போகவில்லை. லேப் பதில் என்னவென்றால், மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் காற்று வேண்டும்; நீரின் அடியில் அது கிடைப்பதில்லை. மரத்துக்கு நல்லதான தண்ணீர் அலுமினியத்துக்கு எமன். என்ன பொருள், என்ன சூழல் என்று முதலில் பார். பிறகு மருந்தைத் தேடு. இதுதான் முதல் விதி.

நம் நாட்டில் இந்தக் கலை புதிது அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நேச நாட்டுப் படையினர் பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைக் கான்பூரில் விட்டுப் போனார்கள். சும்மா விடவில்லை. மறுபடி பறக்கக் கூடாது என்று வேண்டுமென்றே சேதப்படுத்திவிட்டுப் போனார்கள். 1948-இல் பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆட்கள் அந்தக் குப்பைமேட்டுக்குப் போனார்கள். ஒன்றின் பாகத்தை இன்னொன்றில் பூட்டி, பறக்கிற அளவுக்குத் தேற்றினார்கள். சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றை பெங்களூருக்கு ஓட்டி வந்தார். அங்கே முழுதாகச் சீர்செய்யப்பட்டு, ஏறக்குறைய நாற்பது விமானங்கள் விமானப்படையில் சேர்ந்தன. 1968 வரை பறந்தன.

கதை அங்கே முடியவில்லை. மற்ற நாடுகள் தங்கள் லிபரேட்டர்களை உடைத்து உருக்கிவிட்டன. பிறகு "ஐயோ, ஒன்றுகூட இல்லையே" என்று தேடியபோது நம்மிடம்தான் இருந்தன. இன்று பிரிட்டனிலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் அருங்காட்சியகங்களில் நிற்கும் லிபரேட்டர்களில் சில, இந்தியாவிலிருந்து போனவை. நம் மெக்கானிக்குகள் ஸ்பானர் பிடித்துக் காப்பாற்றியதை உலகம் இன்று டிக்கெட் வாங்கிப் பார்க்கிறது!

இன்னொன்று டக்கோட்டா. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் நம் சிப்பாய்களை இறக்கியது இந்த ரக விமானம். அயர்லாந்தில் பழைய சாமானாகக் கிடந்த ஒரு டக்கோட்டாவை ராஜீவ் சந்திரசேகர் 2011-இல் வாங்கினார். அவருடைய தந்தையார் ஏர் கமடோர் எம்.கே. சந்திரசேகர், டக்கோட்டா ஓட்டியவர். பிரிட்டனில் சீர்செய்யப்பட்டு, 2018 ஏப்ரலில் அது இந்தியாவுக்குப் பறந்து வந்தது. ஸ்ரீநகரில் முதலில் இறங்கிய விமானத்தின் எண்ணான வி.பி. 905-ஐ அதன் மேல் எழுதி, பரசுராமா என்று பெயரிட்டு, விமானப்படைக்குக் கொடுத்தார்கள்.

அதற்கு முன்பே 2012 விமானப்படை நாளில் ஒரு டைகர் மாத் பறந்தது. அது 1930-களின் பயிற்சி விமானம். இறக்கையின் மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தி, நூலால் தைத்து, டோப் என்ற வார்னிஷ் பூசுவார்கள். காய்ந்ததும் துணி மத்தளம் மாதிரி இறுகிக்கொள்ளும். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டிலும் தறி ஓடியது. விமான இறக்கையும் ஒரு வகையில் நெசவாளி வேலைதான் என்று அப்பாவிடம் சொன்னேன். "அப்போ ஜரிகை போட்டா இன்னும் வேகமா பறக்குமாடா?" என்று கேட்டார். பதில் தெரியாமல் வந்துவிட்டேன்!

சிரித்தாயிற்று. இனி சிரிக்க முடியாத இரண்டு பெயர்கள். விக்ராந்த்: நம் முதல் விமானம் தாங்கிக் கப்பல். 1997-இல் ஓய்வு பெற்று, மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. 2012-இல் அதுவும் மூடப்பட்டு, 2014-இல் கப்பல் உடைக்கப்பட்டது. அதன் இரும்பு மோட்டார் சைக்கிளாகவும் வந்தது. அடுத்து வாக்லி நீர்மூழ்கி: 2010 டிசம்பரில் ஓய்வு பெற்றது. அதை மாமல்லபுரத்தில் வைக்கத் திட்டமிட்டு சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். திட்டம் நடக்கவே இல்லை. அது துறைமுகத்திலேயே துருப்பிடித்தது. ஆசை யாருக்கும் குறைவில்லை. யார் பராமரிப்பது, எந்தக் கணக்கில், எத்தனை வருடம் என்ற கேள்விக்குப் பதில் இல்லாததுதான் குறை.

இப்போது நம் ஜோங்கா. ராணுவத்துக்காக ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில், நிஸ்ஸான் வடிவமைப்பில் தயாரான வண்டி. ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், ஏறக்குறைய நாலு லிட்டர். ராணுவ ஏலத்தில் எடுத்து நம் லேபுக்கு வந்தது. நம்மில் பலர் கிளட்ச் பிளேட் என்பதைப் புத்தகத்தில் அல்ல, அந்த வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துத்தான் பார்த்தோம். புதுக் கட்டடத்துக்கு இடம் வேண்டும், அடுத்த பழைய சாமான் ஏலத்தில் அதுவும் போகும் என்று நிர்வாகம் சொல்கிறது. நிர்வாகத்தின் தேவை நியாயமானதே. பார்க்க ஆள் இல்லாத வண்டி மழையில் நின்று மக்குவதைவிட ஏலத்தில் போவதே மேல் என்று நானும் சொல்வேன்.

ஆகவே "காப்பாற்றுங்கள்" என்று வெறுமனே கேட்க மாட்டேன். ஒரு வேலைத்திட்டத்தோடு கேட்கிறேன். முதலில், ஒரு போல்ட்டைக்கூடத் தொடுமுன் எல்லாவற்றையும் படம் எடுத்து, எண் போட்டு நோட்டில் எழுதுவோம். இரண்டாவது, டயருக்குப் பாரம் போகாமல் ஸ்டாண்டில் ஏற்றி, பழைய பெட்ரோல், ஆயில், பிரேக் ஆயில் எல்லாம் வடிப்போம். மூன்றாவது, அசல் பாகம் தேறும் என்றால் அதையே வைப்போம். மாற்றினால் எது புதியது என்று குறித்து வைப்போம். கைலாசநாதர் கோயிலில் பிற்காலத்தார் மணற்கல் சிற்பத்தின் மேல் பூசிய சாந்து, பல்லவன் உளியை எத்தனை இடத்தில் மறைத்திருக்கிறது பாருங்கள். நல்லெண்ணத்தில் செய்த ரிப்பேரும் அசலை மூடிவிடும். நான்காவது, ஓடுகிற வண்டியாக்குவோம். கண்ணாடிக்குள் நிற்கும் வண்டி மாணவனுக்குப் பாடம் சொல்லாது.

தேவை, பத்துக்குப் பத்தடி விரித்தாலும் போதாது. ஒரு கார் நிற்கும் ஷெட். மாதம் இரண்டு சனிக்கிழமை. ஆறு பேர் கையெழுத்து, ஐந்து வருடத்துக்கு. ஒரு வருடத்தில் நம்மால் முடியவில்லை என்றால், நாமே முதல்வரிடம் சொல்லி ஏலத்துக்கு அனுப்பிவிடுவோம். முதல் கையெழுத்து என்னுடையது. தாள் வரவேற்பு மேசையில், குரூப் போட்டோ பட்டியலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயர் எழுதும் முன் மனைவியிடமோ கணவரிடமோ சனிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்த ரிப்பேருக்கு என்னிடம் ஸ்பானர் இல்லை!