சீட்டு எடுத்துக் கொடுத்த அக்கா

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில உட்கார்ந்து என்னையே முறைச்சுப் பார்த்துக்கிட்டிருக்கிற தம்பிக்கும் வணக்கமுங்க. (சிரிப்பு)

ராசிபுரத்துக்குப் பக்கத்துல ஒரு கிராமத்துல இருந்து வர்றேன். 'ஹாஸ்டலுக்குப் புதுசா போற பெண்ணுக்குப் பெரிய துணை பெற்றோரா, சீனியர்களா?' இதுதான் தலைப்பு. நான் சீனியர் கட்சி.

எதிரணித் தம்பி நாவரசு பேரைச் சொன்னார். சொல்ல வேண்டிய பேருதான். 1996 நவம்பர்ல, முதலாண்டு மருத்துவ மாணவர் பொன் நாவரசுவை அதே கல்லூரி சீனியர் ஒருத்தர் கொன்ன செய்தியைப் படிச்சு, பெத்தவங்க வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டிருந்தாங்க. அதுக்கப்புறம்தான் 1997-ல தமிழ்நாட்டுல ராகிங் தடைச் சட்டம் வந்தது. ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை, பத்தாயிரம் ரூபாய் வரைக்கும் அபராதம், கல்லூரியை விட்டே நீக்கம். 2009-ல யூ.ஜி.சி. நாடு முழுக்க விதிமுறை கொண்டு வந்தது. அடிச்சா, மிரட்டினா புகார் கொடுக்க வழி இருக்கு.

ஆனா எந்தப் போலீஸும் பிடிக்க முடியாத ஒண்ணு இருக்குதுங்க. புதுப் பெண் பெட்டியை இறக்கி வைக்கிறதுக்குள்ள ஒரு அக்கா வந்து, "எந்த ஊரும்மா?"ன்னு கேப்பாங்க. சொன்னா, "ஊருல எந்தப் பக்கம்? யாரு வூட்டுப் பொண்ணு?"ன்னு அடுத்த கேள்வி. பேருக்குப் பின்னால சாதி போடறதை நம்ம ஊர்ல விட்டுட்டோம். அதனால தெருவைக் கேட்டுத் தெரிஞ்சுக்கறோம்! (கைதட்டல்) அன்னிக்கு ராத்திரி மெஸ்ஸுல எந்த மேசையில உட்காரணும்கிறது அந்தப் பதில்லயே முடிவாயிடும். யாரும் மிரட்டலை, அடிக்கலை. சில பெண்கள் மூணு வருஷமும் ஓரத்து மேசையிலயே சாப்பிட்டுட்டுப் போயிடுவாங்க.

அமெரிக்காவுல இதையே ஒரு திருவிழாவா நடத்தறாங்க. 'சொராரிட்டி'ன்னு பேரு. நம்ம வார்த்தையில சொன்னா, சகோதரிகள் வீடு. அலபாமா பல்கலைக்கழகத்துல வருஷா வருஷம் ஆகஸ்ட்ல புதுப் பெண்கள் நல்ல துணி உடுத்திக்கிட்டு வீடு வீடா ஏறி இறங்கணும். நாளுக்கு நாள் வீடுகள் கழிச்சுக்கட்டிக்கிட்டே வரும். கடைசி நாள் கையில ஒரு கவர் கொடுப்பாங்க, எந்த வீடு எடுத்துக்குச்சுன்னு. பெண் பார்க்கற படலம்தான், மாப்பிள்ளை மட்டும் கிடையாது! (சிரிப்பு) 2013-ல, நல்லாப் படிக்கிற ஒரு கறுப்பினப் பெண்ணை வீடுகள் சேர்க்கலைன்னும், உள்ளே இருந்த பெண்கள் சிலர் ஆசைப்பட்டும் பழைய உறுப்பினர்கள் தடுத்துட்டாங்கன்னும் அங்க மாணவர் பத்திரிகையே எழுதிடுச்சு. ஊர்வலம் நடந்தது. பல்கலைக்கழகம் தலையிட்டு மறுபடியும் சேர்க்கையைத் திறந்துவிட்டது. இந்த மாதிரிக் கதவு சாத்தறது நடக்கும்னு தெரிஞ்சுதானோ என்னவோ, 1908-லேயே ஹோவர்ட் பல்கலைக்கழகத்துல கறுப்பினப் பெண்கள் தனியா ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. நம்ம துளசேந்திரபுரத்துப் பேத்தி கமலா ஹாரிஸ் 1986-ல சேர்ந்தது அந்தச் சங்கத்துலதான்.

சரி, என் கட்சிக்கு வர்றேன். 1993-ல நான் சேலத்துல ஒரு பெண்கள் கல்லூரி ஹாஸ்டல்ல சேர்ந்தப்ப, வார்டனம்மா பேரையெல்லாம் சீட்டுல எழுதி ஒரு எவர்சில்வர் தூக்குல போட்டுக் குலுக்குவாங்க. ஒரு சீனியர் ஒரு சீட்டு எடுக்கணும். எடுத்த பேருக்கு அவங்கதான் அந்த வருஷம் அக்கா. என் சீட்டை எடுத்தது கொல்லிமலையில இருந்து வந்த ஒரு அக்கா. அவங்க வீட்ல முதன்முதலா காலேஜுக்கு வந்தது அவங்கதான். செலான் எழுதக் கத்துக் கொடுத்தது, பஸ் ஸ்டாண்டுல நாமக்கல் பஸ் நிக்கிற இடம் காட்டினது, மாசாமாசம் வர்ற வயித்து வலிக்கு வெந்நீர் கேட்டுச் சமையக்கட்டுல சண்டை போட்டது, எல்லாம் அவங்கதான். காய்ச்சல் வந்தா பெட்டியில இருந்து மலை மிளகை எடுத்து, தட்டிப் போட்டுக் கஷாயம் வெச்சுக் கொடுப்பாங்க.

எங்கம்மா ஒரு ஞாயித்துக்கிழமை தட்டுவடையும் முறுக்குமா வந்தாங்க. வந்ததும் அந்த அக்காகிட்ட, "ஏனுங் கண்ணு, ஊருல எந்தப் பக்கம்?"னு கேட்டாங்க. அக்கா சிரிச்சுக்கிட்டே, "மேல் பக்கம்ங்கம்மா, எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறணும்"னாங்க. (பலத்த கைதட்டல்) அம்மா வாயை மூடிக்கிட்டுத் தட்டுவடைப் பொட்டலத்தை அவங்க கையில கொடுத்தாங்க. எதிரணிக்காரங்களே, பெத்தவங்க தேடிப் பிடிச்சிருந்தா எனக்கு இப்படி ஒரு அக்கா கிடைச்சிருப்பாங்களா?

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியமுங்க. எங்க நாமக்கல் பக்கத்துப் பள்ளிக்கூட ஹாஸ்டல்ல ரெண்டு வருஷம் பூட்டி வெச்சுப் படிக்க வெச்சு அனுப்பறோம். மார்க் வந்துடுது, தனியா பஸ் ஏறத் தெரியாம வந்து நிக்குது. அந்தப் பெண்ணுக்கு ஒரு அக்கா வேணும், ஆனா அந்த அக்கா பொறுக்கி எடுக்கக் கூடாது. இதைக் கேக்கற வார்டன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்: வர்ற ஜூன்ல ரூம் லிஸ்டு ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு தூக்கை எடுத்துக் குலுக்கிடுங்க. பத்து நிமிஷ வேலைங்க.