பெரிய படிப்பும் நம்ம பஞ்ச சூத்திரமும்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு 'பொறுப்புள்ள மேலாண்மைக் கல்வி'. எம்.பி.ஏ. படிக்கிற பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்கணும் என்பதைப் பற்றிய தலைப்பு. "இது நமக்கெதுக்கு?" என்று உங்களில் பலர் நினைக்கலாம். நியாயமான கேள்வி. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

உங்க வீட்டு மாட்டுப் பாலுக்கு லிட்டருக்கு இவ்வளவுதான் என்று தனியார் பால் கம்பெனியில் முடிவு செய்வது யார்? நுண்கடன் கம்பெனியில் வாரத் தவணை எவ்வளவு, எத்தனை வாரம், ஒரு வாரம் தவறினால் என்ன செய்வது என்று திட்டம் போடுவது யார்? திருப்பூருக்கு வேலைக்குப் போகிற நம்ம பெண் ஒரு மணி நேரத்தில் எத்தனை பீஸ் தைக்கணும் என்று கணக்குப் போடுவது யார்? தவணை வாங்க வருகிற தம்பியோ, சூப்பர்வைசரோ இல்லை. அவங்களுக்கு மேலே, அதற்கும் மேலே, எங்கேயோ ஒரு ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பவர்கள். அவர்களில் பெரும்பாலோர் மேலாண்மை படித்தவர்கள். நாம் அவர்களைப் பார்த்ததில்லை. அவர்களும் நம்மைப் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் போடுகிற கணக்கு நம்ம அடுப்படி வரைக்கும் வருகிறது. அதனால் அவர்கள் என்ன படிக்கிறார்கள் என்பது நமக்கும் உள்ள விஷயம்தான்.

இந்தப் படிப்பு எப்படி வந்தது?

அமெரிக்காவில் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 1908-ல் ஆரம்பமானது. நம்ம நாட்டில் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் 1961-ல் ஐ.ஐ.எம். நிறுவனங்கள் வந்தன. கணக்கு, விற்பனை, நிதி, ஆட்களை நிர்வாகம் செய்வது எல்லாம் அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். கஷ்டமான படிப்பு, மூளை வேண்டிய படிப்பு. அதில் சந்தேகமில்லை.

ஆனால் 'எதற்காக' என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்லிக்கொடுத்தார்கள்? 1970-ல் மில்டன் ஃப்ரீட்மன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். சட்டத்துக்கு உட்பட்டு லாபத்தைப் பெருக்குவதுதான் ஒரு கம்பெனியின் சமூகப் பொறுப்பு என்பது அவர் வாதம். அந்தக் கருத்து பல வகுப்பறைகளில் வேர் பிடித்துவிட்டது. பங்கு போட்டவனுக்கு லாபம் வந்ததா? அப்படியானால் நிர்வாகம் நல்ல நிர்வாகம். வேலை செய்தவள், கடன் வாங்கியவள், கழிவுநீர் ஓடுகிற வாய்க்கால் ஓரத்தில் குடியிருப்பவள் எல்லாம் அந்தக் கணக்கில் கடைசி வரியில்கூட வரமாட்டார்கள்.

வேறு மாதிரி யோசித்தவர்களும் இருந்தார்கள். குஜராத்தில் ஆனந்த் என்ற ஊரில், பால் கூட்டுறவை வளர்த்த வர்கீஸ் குரியன் 1979-ல் ஊரக மேலாண்மைக்கென்றே 'இர்மா' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஒரு மாடு, ரெண்டு மாடு வைத்திருக்கிற விவசாயிக்காக வேலை செய்ய, நன்றாகப் படித்த நிர்வாகிகள் வேண்டும் என்பது அவர் எண்ணம். அங்கே சேர்கிற மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் படிப்பதும் பாடத்தில் ஒரு பகுதி. ஆனால் இப்படிப்பட்ட கல்லூரிகள் கை விட்டு எண்ணக்கூடியவைதான்.

விழித்துக்கொண்டது எப்போது?

2001 டிசம்பரில் அமெரிக்காவில் 'என்ரான்' என்ற மிகப் பெரிய எரிசக்தி கம்பெனி திவாலானது. கடனை மறைத்து, லாபத்தை ஊதிக் காட்டிப் பொய்க்கணக்கு எழுதியிருந்தார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் வேலையை இழந்தார்கள். ஓய்வுக்காலத்துக்கென்று கம்பெனிப் பங்கிலேயே போட்டு வைத்திருந்த சேமிப்பையும் இழந்தார்கள். அதன் தலைமை நிர்வாகியாக இருந்த ஜெஃப்ரி ஸ்கில்லிங் 2006-ல் குற்றவாளி என்று தீர்ப்பானது. அவர் ஹார்வர்டில் எம்.பி.ஏ. படித்தவர்.

படிக்காதவன் செய்த தப்பு என்று இதை ஒதுக்க முடியவில்லை. "நாம் என்னதான் சொல்லிக்கொடுக்கிறோம்?" என்று கல்லூரிகளே கேட்க ஆரம்பித்தன.

அதற்கு முன்பே 2000-ல் ஐ.நா. சபையின் அன்றைய பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் 'குளோபல் காம்பாக்ட்' என்ற ஏற்பாட்டைத் தொடங்கியிருந்தார். மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றுச்சூழல், ஊழல் ஒழிப்பு ஆகியவற்றில் கம்பெனிகள் உறுதிமொழி எடுக்கும் ஏற்பாடு அது. ஊழல் பற்றிய கோட்பாடு மட்டும் 2004-ல் சேர்ந்தது. கம்பெனி உறுதிமொழி எடுத்தால் போதுமா, கம்பெனியை நடத்தப் போகிற பிள்ளையை உருவாக்கும் இடமும் எடுக்க வேண்டாமா என்று கேட்டு, பல நாட்டுக் கல்லூரித் தலைவர்களும் துணைவேந்தர்களுமாக 60 பேர் சேர்ந்து ஆறு கோட்பாடுகளை எழுதினார்கள். 2007 ஜூலையில் ஜெனிவாவில், அப்போதைய ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் காலத்தில் அவை வெளியாயின. 'பொறுப்புள்ள மேலாண்மைக் கல்விக்கான கோட்பாடுகள்' என்று பெயர். சுருக்கமாக 'பிரைம்' என்கிறார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க 800-க்கு மேற்பட்ட கல்லூரிகள் இதில் கையெழுத்திட்டிருக்கின்றன. இந்தியக் கல்லூரிகளும் உண்டு.

அந்த ஆறும் நம்ம பாஷையில் சொன்னால் இப்படித்தான் வரும்:

1. நோக்கம்: கம்பெனிக்கும் ஊருக்கும் சேர்த்து நன்மை செய்கிற ஆட்களை உருவாக்குவது.
2. விழுமியங்கள்: சமூகப் பொறுப்பைப் பாடத்திட்டத்துக்கு உள்ளேயே வைப்பது.
3. முறை: அதற்கேற்ற பாடமும் பயிற்சியும் தயாரிப்பது.
4. ஆராய்ச்சி: தொழில் நடப்பதால் மக்களுக்கும் மண்ணுக்கும் என்ன ஆகிறது என்று ஆராய்வது.
5. கூட்டு: தொழில் நடத்துகிறவர்களோடு சேர்ந்து, அவர்கள் சந்திக்கும் சிக்கல்களுக்கு வழி தேடுவது.
6. உரையாடல்: மாணவர், ஆசிரியர், கம்பெனி, அரசு, நுகர்வோர், மக்கள் அமைப்புகள் எல்லாரையும் வைத்துப் பேசுவது.

'நாங்கள் போதிப்பதை எங்கள் சொந்த நிர்வாகத்திலும் கடைப்பிடிக்க வேண்டும்' என்று கூடவே ஒரு வாக்கியமும் இருந்தது. சமீப ஆண்டுகளில் திருத்தியபோது அதைத் தனிக் கோட்பாடாகவே வைத்து ஏழாக்கிவிட்டார்கள். ஊருக்கு உபதேசம் செய்கிறவர் தன் வீட்டிலும் செய்யணும் என்று நம்ம பாட்டிமார் சொல்வதுதானே அது!

கையெழுத்து போதுமா?

போதாது சகோதரிகளே. அதுவும் நடந்த கதைதான்.

பிரைம் வந்து ஒன்றரை வருஷம்கூட முழுசாக ஆகியிருந்த நேரம், 2009 ஜனவரி 7. ஐதராபாத்தில் 'சத்யம்' கம்ப்யூட்டர் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு, வருஷக்கணக்காகப் பொய்க்கணக்கு காட்டியதாக ஒப்புக்கொண்டார். ஏறக்குறைய 7,000 கோடி ரூபாய் விவகாரம். அவரும் அமெரிக்காவில் எம்.பி.ஏ. படித்தவர். முந்தின வருஷம், 2008-ல்தான், நல்ல நிர்வாகத்துக்கென்று அந்தக் கம்பெனிக்கு விருது கிடைத்திருந்தது. அதன் இயக்குநர் குழுவில் பெயர் பெற்ற பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர்களும் இருந்தார்கள்.

அடுத்து 2010. இது நம்ம மாதிரிப் பெண்களின் கதை. ஆந்திராவில் நுண்கடன் கம்பெனிகள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு ஒரே பெண்ணுக்கு மூணு கடன், நாலு கடன் கொடுத்தன. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். ஆகஸ்டில் ஒரு பெரிய நுண்கடன் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தபோது முதலீட்டாளர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில், கடன் தொல்லையால் பெண்கள் தற்கொலை செய்துகொண்டதாகச் செய்திகள் வந்ததும், ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டது. அந்தக் கம்பெனிகளின் விளக்கப் படங்களில் எல்லாம் 'ஏழைப் பெண்களுக்கு அதிகாரம்' என்றுதான் எழுதியிருந்தது. எழுத்தில் குறை இல்லை. அந்தப் பெண் எத்தனை இடத்தில் கடன் வாங்கியிருக்கிறாள், திருப்பிக் கட்ட வருமானம் உண்டா என்று உட்கார்ந்து கேட்க ஆள் இல்லை.

2009-ல் ஹார்வர்டில் படித்து முடித்த மாணவர்கள் தாங்களாகவே ஓர் உறுதிமொழி எழுதி, நூற்றுக்கணக்கில் கையெழுத்திட்டார்கள். டாக்டர்கள் உறுதிமொழி எடுப்பது மாதிரி. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் உறுதிமொழி எடுத்த அன்றைக்கு எல்லாருமே நல்லவர்கள்தான். அடுத்த மாதம் யார் கேட்பது?

இங்கேதான் நம்ம பஞ்ச சூத்திரம் ஞாபகத்துக்கு வருது. தவறாமல் கூட்டம், தவறாமல் சேமிப்பு, உள்கடன், காலத்தில் திருப்பிச் செலுத்துதல், சரியான கணக்கு. இந்த ஐந்தையும் சுவரில் எழுதி வைத்ததால் நம்ம குழுக்கள் நிற்கவில்லை. எழுதி வைத்துவிட்டு உடைந்துபோன குழுக்களும் நமக்குத் தெரியும். நிற்கிற குழு எது? கூட்டத்தில் பேரேட்டைத் திறந்து, "உனக்கு இவ்வளவு பாக்கி, எனக்கு இவ்வளவு பாக்கி" என்று சத்தமாக வாசிக்கிற குழு. அடுத்த வீட்டுக்காரி முன்னாடி கணக்கு சொல்லணும். அந்த ஒரு பழக்கம் போலீசை விடப் பெரிய காவல்.

பிரைமிலும் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. கையெழுத்திட்ட கல்லூரி, தான் என்ன செய்தது என்று குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை அறிக்கை எழுதி, எல்லாரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். கொடுக்காவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அப்படி எடுக்கப்பட்ட கல்லூரிகளும் உண்டு. வட்டார வாரியாகக் கல்லூரிகள் சேர்ந்து கூடுகின்றன. வறுமை, ஆண் பெண் சமத்துவம், ஊழல் ஒழிப்பு என்று தலைப்பு வாரியாகப் பணிக்குழுக்களும் வைத்திருக்கிறார்கள். ஒரு கல்லூரியில் நல்ல பாடம் தயாரித்தால் மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம். குழுக்கள் சேர்ந்து நாம் கூட்டமைப்பு ஆன மாதிரி.

ஆனால் ஒரு ஓட்டை இருக்கு. அறிக்கையை எழுதுவது கல்லூரியேதான். "மாணவர்கள் கிராமத்துக்குப் போனார்கள், மக்கள் பயனடைந்தார்கள்" என்று எழுதினால், பயனடைந்தோமா என்று நம்மிடம் யார் கேட்டார்கள்? கடன் வாங்கினவளே தன் பேரேட்டை எழுதுகிற மாதிரி ஆகிவிடுகிறது.

நாம் என்ன செய்யலாம்?

ஆறாவது கோட்பாட்டை மறுபடி பாருங்கள். மக்கள் அமைப்புகளோடு உரையாடல். மக்கள் அமைப்பு என்றால் யார்? இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கிற நாம்தான்.

நம்ம குழுக்களுக்கும் எம்.பி.ஏ. மாணவர்கள் வருகிறார்கள். கேள்வித்தாளை நிரப்புகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், போகிறார்கள். களை எடுக்கிற நாளில் கூலியை விட்டுவிட்டு அரை நாள் உட்கார்ந்து பதில் சொன்ன அக்காமார் இங்கே இருக்கிறீர்கள். அந்த ஆய்வு என்ன ஆச்சு என்று யாராவது திரும்பி வந்து சொன்னார்களா? பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. மரியாதையான பிள்ளைகள். கேட்கணும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. திரும்பி வந்து சொல்லு என்று நாமும் கேட்டதில்லை.

அதனால் இந்தப் பேரவை முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று: எந்தக் கல்லூரியிலிருந்து வந்தாலும், "உங்க கல்லூரி பிரைமில் கையெழுத்திட்டிருக்கா? கடைசி அறிக்கையில் கிராமத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கு?" என்று கேட்போம். போனில் எடுத்துத் தமிழில் படித்துக் காட்டச் சொல்வோம். கேட்பதற்குக் காசு இல்லை.

இரண்டு: ஆய்வுக்கு நேரம் கொடுப்போம். முடிந்ததும் குழுக் கூட்டத்துக்கு வந்து என்ன கண்டுபிடித்தோம் என்று தமிழில் சொல்லணும் என்பது நிபந்தனை. அதைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்வோம்.

மூன்று: வருகிற மாணவர் எங்களிடம் கேள்வி கேட்பதோடு, குழுக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்க்கட்டும். கணவருக்கு உடம்பு சரியில்லை, இந்த மாதம் தவணை கட்ட முடியாது என்று ஒரு உறுப்பினர் சொன்னால் குழு என்ன முடிவு எடுக்கிறது என்று பார்க்கட்டும். நாளைக்கு அந்தப் பிள்ளை ஒரு நிதி நிறுவனத்தில் தவணை விதி எழுதும்போது, அந்த முகம் ஞாபகம் வரட்டும்.

ஒன்று நினைவில் வையுங்கள். இந்தக் கேள்விகள் நம்ம பக்கமும் திரும்பும். நம்ம மசாலாப்பொடி யூனிட்டில் வேலை செய்கிற பெண்களுக்குச் சரியான கூலி கொடுக்கிறோமா? கூட்டமைப்பின் வரவு செலவு ஒவ்வொரு குழுவிலும் வாசிக்கப்படுகிறதா? போதிப்பதை நாமும் செய்யணும் என்ற கோட்பாடு நமக்கும் பொருந்தும். கேட்கிறவள் கணக்கு சுத்தமாக இருந்தால்தான் கேள்விக்கு மரியாதை.

நம்ம பிள்ளைகளும் இன்றைக்கு பி.பி.ஏ., எம்.பி.ஏ. சேர்கிறார்கள். கடன் வாங்கிப் படிக்க வைக்கிறோம். சேர்க்கப் போகிற அன்றைக்கு "எவ்வளவு சம்பளம் கிடைக்கும்?" என்று கேட்போம். தப்பில்லை. கூடவே, "என் பிள்ளைக்கு என்ன மாதிரி கணக்குப் போடச் சொல்லிக்கொடுப்பீங்க? அந்தக் கணக்கில் எங்க ஊர் வருமா?" என்றும் கேளுங்கள்.

இந்த மூன்று யோசனைகளையும் தீர்மானமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் இங்கேயே எழுந்து சொல்லுங்கள், பேசி முடிவு செய்வோம்.