மென்பொருளும் அதைக் கட்டும் கருவியும்



மென்பொருள் என்னும் சொல்லை இன்று சிறுவரும் அறிவர். ஆயினும், மனிதர் எழுதும் மூலநிரல் எவ்வாறு கணிப்பொறியில் ஓடும் மென்பொருளாகிறது என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. எழுதியவை நூற்றுக்கணக்கான கோப்புகளாகக் கிடக்கும். அவற்றை எந்த வரிசையில் கம்பைலரிடம் தருவது, எவற்றைத் துணையாகச் சேர்ப்பது, முடிந்ததை எங்கே வைப்பது என்பவற்றையெல்லாம் கவனிப்பதற்குத் தனிக் கருவி ஒன்று உண்டு. தொழிலில் உள்ளோர் அதனைப் பில்டு கருவி என்பர். கட்டும் கருவி என்று நாம் சொல்லலாம்.

திறமூல மென்பொருளுக்கு இக்கருவியின் தேர்வு மிகவும் இன்றியமையாதது. மூலநிரல் எவர்க்கும் பொது. ஒருவர் லினக்ஸில் அதைக் கட்டுவார், மற்றொருவர் விண்டோஸில், வேறொருவர் ஆப்பிள் கணிப்பொறியில். இவர்களுள் பலர் ஊதியம் கருதாது ஓய்வு நேரத்தில் உதவ வருபவர். வந்தவர் முதலில் சந்திப்பது இந்தக் கருவியைத்தான். அது முரண்டு செய்தால், அவர் வந்த வழியே திரும்பிவிடுவார்; நல்ல உழைப்பாளி ஒருவரை அத்திட்டம் இழந்துவிடும்.

1976-ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் பெல்ட்மன் 'மேக்' என்னும் கருவியை ஆக்கினார். மாறிய கோப்பையும் அதனைச் சார்ந்தவற்றையும் மட்டுமே அது மீண்டும் கட்டும். அதில் கட்டளை வரிகள் 'டேப்' இடைவெளியுடன் தொடங்கவேண்டும். வெறும் இடைவெளிகள் செல்லா. இது தொல்லை என்பது விரைவில் தெரிந்தும், ஏறக்குறையப் பன்னிரண்டு பேர் அதற்குள் பயன்படுத்தத் தொடங்கியிருந்தமையால் அவர் அதை மாற்றாது விட்டார். அந்த டேப் இன்றும் இருக்கிறது. தொடக்கத்தில் செய்யும் தேர்வு எத்தனை காலம் உடன்வரும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

1991-இல் தோன்றிய 'ஆட்டோகான்ப்' பலவகை யூனிக்ஸ் கணிப்பொறிகளைச் சோதித்தறிந்து நிரலைப் பொருத்தியது. ஆனால் அது நம்பியிருக்கும் யூனிக்ஸ் சூழல் விண்டோஸில் இயல்பாக இல்லை. 2000-ஆம் ஆண்டில் கிட்வேர் நிறுவனத்தார் 'சிமேக்' கருவியைத் தந்தனர். இது மொழிபெயர்ப்பாளனின் தொழிலை ஒத்தது. ஒரே குறிப்பைப் படித்து, யூனிக்ஸுக்கு மேக் கோப்பையும், விண்டோஸுக்கு விஷுவல் ஸ்டூடியோ கோப்பையும், ஆப்பிளுக்கு எக்ஸ்கோடு கோப்பையும் எழுதிக் கொடுக்கும். 2013-இல் வந்த 'மெசான்' எளிய மொழியை வேண்டுமென்றே மேற்கொண்டு, கட்டும் வேலையை விரைவு மிக்க 'நிஞ்சா'விடம் ஒப்படைக்கிறது.

கேடிஇ திட்டத்தார் 2005-இல் 'எஸ்கான்ஸ்' என்பதற்கு மாறத் துணிந்தனர். தமக்கு வேண்டிய திருத்தங்களை அதில் சேர்ப்பது அரிதாயிற்று. 2006-இல் சிமேக்கை நாடினர். அதனை ஆக்கியோர் தாமே முன்வந்து குறைகளைக் களைந்தனர். 2008 ஜனவரியில் கேடிஇ 4 வெளிவந்தபோது சிமேக்கே அதைக் கட்டிற்று. கருவியின் திறத்தோடு, அதனைப் பேணுவோரின் மனப்பாங்கையும் எடைபோட வேண்டும் என்பதே இதன் பாடம்.

பாதுகாப்பும் இதில் அடங்கும். 2024 மார்ச்சில் 'எக்ஸ்இசட்' என்னும் சுருக்கும் மென்பொருளில் கள்ள வழி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதனைத் தூண்டும் வரிகள் எல்லாரும் காணும் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியிட்ட பொதியில் உள்ள கட்டும் கருவியின் கோப்பில் ஒளிந்திருந்தன. அதே மென்பொருளின் சிமேக் கோப்பில் ஒற்றைப் புள்ளி ஒன்று இடப்பட்டு, ஒரு காவல் வசதி செயற்படாமற் போயிற்று. ஆதலின் எந்தக் கருவியும் தானாகக் காப்பதில்லை. படித்தால் விளங்குமாறு எழுதப்பட்ட குறிப்பே காக்கும்.

மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள நமக்கு மற்றொரு கவலையும் உண்டு. மென்பொருளின் பட்டியல்களும் பொத்தான்களும் தமிழில் தோன்றவேண்டுமாயின், தமிழாக்கக் கோப்பு கட்டும்போதே பொதியப்பட வேண்டும். லினக்ஸில் செய்து விண்டோஸில் மறந்தால், அங்குள்ளோர்க்குத் தமிழாக்கம் இருந்தும் இல்லாததே. தமிழ்ப் பலகை காண்பதற்கே அரிதான ஊர்களில் வாழும் நமக்கு, திரையிலாவது தமிழ் தெரிவது சிறிய பேறன்று.

அங்ஙனமாயின் எதைத் தேர்வது? சி, சி++ மொழிகளில் புதிதாகத் தொடங்கும் சிறு திட்டத்துக்கு மெசான் தக்கது. விஷுவல் ஸ்டூடியோவிலும் எக்ஸ்கோடிலும் பணிபுரிவோர் பலராயின் சிமேக் நன்று. பழைய கருவி எல்லாத் தளங்களிலும் ஒழுங்காக வேலை செய்யுமாயின், புதுமை மோகத்தால் அதை மாற்றவேண்டா. முடிவு செய்யுமுன் ஒரு சோதனை போதும்: திட்டத்துக்குப் புதியவர் ஒருவர், எழுதிவைத்த குறிப்பை மட்டும் கொண்டு மூவகைக் கணிப்பொறிகளிலும் கட்டிப் பார்க்கட்டும். அவர் யாரையும் கேளாமல் முடித்தாராயின் அதுவே நல்ல தேர்வு.