பள்ளிக்கூட பஸ்ஸும் இலவசக் கல்விதான்



நம் இலங்கையில் கல்வி இலவசம். அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா அவர்கள் போராடி வாங்கித் தந்த உரிமை, 1945இல் நடைமுறைக்கு வந்தது. 1980இல் பாடநூல் இலவசமாயிற்று. 1993இல் சீருடைத் துணியும் இலவசமாயிற்று. கட்டணம் கிடையாது, புத்தகம் கைக்கு வருகிறது, உடுப்பும் கிடைக்கிறது. அப்படியிருந்தும் ஏன் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் படிப்பைப் பாதியில் நிறுத்துகிறார்கள்? காரணங்கள் பல உண்டு. அவற்றில் நாம் பேசாமலே விட்டுவிட்ட ஒன்றைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழி!

நம் தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் ஐந்தாம் வகுப்பு வரைதான் உண்டு. இன்னும் பல சாதாரண தரத்தோடு முடிந்துவிடும். உயர்தரம் படிக்க, அதிலும் விஞ்ஞானமும் கணிதமும் படிக்க, பிள்ளை ஹட்டனுக்கோ தலவாக்கலைக்கோ நுவரெலியாவுக்கோ போய்த்தான் ஆக வேண்டும். தோட்டக் குடியிருப்பான லயத்திலிருந்து பிரதான வீதிக்கு நடை. அங்கிருந்து பஸ். காலை ஏழரைக்கு மணி அடித்துவிடும். அந்த நேரத்தில் அம்மா வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக அவளால் முடியாது. ஆடி மாத மழையிலும் மார்கழிப் பனியிலும் பிள்ளை தனியாகத்தான் நடக்கிறது.

இந்தத் தேவையை அரசு அறியாமல் இல்லை. மாணவர்களுக்கு சீசன் டிக்கெட் இருக்கிறது. செலவின் பெரும்பங்கை அரசு ஏற்கிறது. 2005இல் 'சிசு செரிய' என்ற பள்ளிக்கூட பஸ் சேவையும் தொடங்கப்பட்டது. நல்ல திட்டங்கள். மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் பஸ் வந்தால்தானே சீசனுக்குப் பயன்! வருகிற ஒரே பஸ் ஒருநாள் வராவிட்டால், அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. தனியார் பஸ்ஸில் சீசன் செல்லாது. ஓட்டோவுக்குக் கொடுக்கக் காசு இல்லை. சோற்றை ஆக்கி வைத்துவிட்டு அடுக்களையைப் பூட்டி வைப்பது போன்றது இது.

2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். எரிபொருள் இல்லை. பஸ்கள் நின்றன. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். ஜூலை மாதம் குறைந்தபட்ச பஸ் கட்டணம் 40 ரூபாவாயிற்று. அன்றைக்கு நம் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. முழுக் கட்டணம் கொடுத்து இரண்டு பிள்ளைகள் போய்வர, ஒரே பஸ் என்றால் 160 ரூபா. இரண்டு பஸ் மாற வேண்டும் என்றால் 320 ரூபா. கொழுந்து குறைந்து அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம் மட்டும், விழுந்த நாளில் அந்தத் தாய் என்ன செய்வாள்? மூத்தவளை வீட்டில் நிறுத்துவாள். அவளைக் குற்றம் சொல்ல இந்த மேடையில் யாருக்கும் தகுதி இல்லை.

பெண்பிள்ளைகள் போய்வரும் வழியைச் சரி செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவின் பீகாரைப் பாருங்கள். 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு அந்த மாநில அரசு சைக்கிள் கொடுத்தது. உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்பிள்ளைகளின் தொகை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். தமிழ்நாட்டில் பள்ளி மாணவர்கள் அரசு பஸ்ஸில் இலவசமாகப் போகிறார்கள். நம் மலைப்பாதையில் சைக்கிள் உதவாது. நமக்கு பஸ்தான் வேண்டும்!

பஸ் ஏன் வரவில்லை என்று கேட்டால், "தோட்டத்துப் பாதை மோசம், வண்டி உடைகிறது" என்கிறார்கள். அது உண்மை. பாதை ஏன் மோசம்? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டித்தான் தோட்டங்களுக்குச் சபைப் பணம் செலவழிக்க முடியாது என்றார்கள். நாம் வாக்குப் போடலாம். நம் பாதைக்கு ஒரு கூடை கல் போட முடியாது! 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டு அம்பகமுவ பிரதேச சபை பிரிந்து மஸ்கெலியாவுக்கும் நோர்வூட்டுக்கும் தனிச் சபைகள் கிடைத்தன. 2025 மே மாதம் புதிய உறுப்பினர்களையும் தெரிந்தெடுத்தோம். ஆகவே, சபை உறுப்பினர்களே, சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று இனி நீங்கள் சொல்ல முடியாது.

பஸ் ஓட்டுவது உங்கள் வேலை அல்ல; அது பஸ் டிப்போவின் வேலை. பாதை உங்கள் வேலை. அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் பள்ளிக்கூட பஸ் போகும் தோட்டப் பாதைகளுக்கு முதலிடம் கொடுங்கள். பிள்ளைகள் நிற்கும் இடத்தில் மழைக்கு ஒதுங்க ஒரு தரிப்பிடம் கட்டுங்கள். டிப்போ அதிகாரிகளை அழைத்துப் பேசுங்கள். வண்டி குறைந்தால் வேறு பயணத்தைக் குறைக்கட்டும். காலை, பகல் பள்ளிக்கூடப் பயணங்களில் கை வைக்க வேண்டாம் என்று சபையில் தீர்மானம் நிறைவேற்றுங்கள்.

பெற்றோரே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். பஸ் வராத ஒவ்வொரு நாளையும் ஒரு கொப்பியில் தேதி போட்டு எழுதி வையுங்கள். மாதம் முடிந்ததும் அதிபரின் கையெழுத்தோடு டிப்போவுக்கும் வலயக் கல்விப் பணிமனைக்கும் சபைக்கும் கொடுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்ன குறையை மறந்துவிடுவார்கள். தேதியோடு எழுதிக் கொடுத்ததற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். இந்த மாதமே தொடங்குங்கள்.