திண்ணையிழக்கும் தெருக்கள்



புதுச்சேரியைக் காண வருவோர்க்கு அந்நகர் 'பிரெஞ்சு நகர்' என்றே காட்டப்படுகின்றது. கடற்கரையை ஒட்டிய மஞ்சள் சுவர்களையும் உயர்ந்த வாயில்களையும் படம்பிடித்துக்கொண்டு அவர்கள் திரும்பிவிடுகின்றனர். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே நகரின் பெரும்பகுதி இருப்பதையும், அங்கே தமிழர் வழிவழியாக வாழ்ந்த மனைகள் ஒவ்வொன்றாக மண்ணாகி வருவதையும் காண்பார் மிகச் சிலரே. ஆண்ட பிரெஞ்சியர் வாய்க்காலின் கிழக்கை 'வெள்ளை நகர்' என்றும் மேற்கைக் 'கறுப்பு நகர்' என்றும் பிரித்து வைத்தனர். 1954 நவம்பர் முதல் நாள் அவர்கள் ஆட்சியை ஒப்படைத்தனர். அவர்கள் கீறிய கோடு மட்டும் தமிழர் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஊரின் பெயரையே 'பாண்டிச்சேரி' என்னும் சிதைவினின்று மீட்டுப் 'புதுச்சேரி' என அரசுமுறையில் நிலைநாட்ட 2006ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்ததெனின், வீடுகளின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ!

நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும் இந்நகரின் தெருக்களைப் பிரெஞ்சியர் திறமென்று புகழ்வோர் பலர். 1693 முதல் 1699 வரை ஒல்லாந்தர் இந்நகரைக் கைப்பற்றி வைத்திருந்தபோதே இந்நேர்தெரு அமைப்புக்கு வரைபடம் எழுதப்பட்டுவிட்டது. பிரெஞ்சியர் எழுப்பிய கோட்டையையும் மாளிகைகளையும் 1761இல் ஆங்கிலர் தரைமட்டமாக்கினர். எனவே இன்று நிற்கும் பிரெஞ்சு மாளிகைகளில் மிகப் பெரும்பாலானவை 1765க்குப் பின் எழுந்தவை. அவற்றுக்குச் சுண்ணாம்பு அரைத்தவரும் செங்கல் அடுக்கியவரும் யாவர்? தமிழ்க் கொத்தரும் தமிழ்த் தச்சருமே அன்றோ!

பெரிய அங்காடிக்கு அருகில் ஆனந்தரங்கரின் மாளிகை இன்னும் நிற்கின்றது. ஆளுநர் துய்ப்ளேக்சின் மொழிபெயர்ப்பாளராகவும் வணிகத் தரகராகவும் விளங்கிய அவர், 1736 முதல் 1761இல் தாம் மறையும்வரை தமிழில் நாட்குறிப்பு எழுதிவந்தார். நகர் ஆங்கிலரிடம் வீழ்ந்த அதே திங்களில் அவர் மறைந்தார். அம்மாளிகையின் கீழ்த்தளம் மரத்தூண்கள் சூழ்ந்த தமிழ் முற்றம். மேல்தளம் செங்கல் தூண்கள் நிற்கும் மேனாட்டு அமைப்பு. 1748இல் வேதபுரீசுவரர் கோயில் பிரெஞ்சியரால் இடிக்கப்பட்ட செய்தியையும் அவர் நாட்குறிப்பே சொல்லுகின்றது. அன்று இடித்தவன் அயலான். இன்று மேற்குத் தெருக்களில் கடப்பாரை பிடிக்கச் சொல்பவன் அயலானல்லன்.

தமிழ் மனையின் அமைப்பைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். தெருவோரத்தில் மரக்கால்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பு. அதன் நிழலில் தாழ்வாரம். அடுத்து வந்தவர் அமரத் திண்ணை. அதன்பின் செதுக்கு வேலைப்பாடமைந்த தலைவாயில். உள்ளே வானம் பார்த்த முற்றம். சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் இவ்வீடுகளின் தாழ்வாரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து தெரு முழுதும் நிழற்பாதை விரித்தன. வெயிலில் நடந்த வழிப்போக்கன் எவர் வீட்டுத் திண்ணையிலும் இளைப்பாறலாம். யாரென்று கேட்பார் இல்லை. பிரெஞ்சு மாளிகையோ மதிலுக்குள் தோட்டத்தை ஒளித்துக்கொண்டு தெருவுக்கு முதுகு காட்டும். இரண்டும் அழகுடையனவே. ஆயின் ஒன்றை மட்டுமே நகரின் அடையாளமாக அஞ்சலட்டையில் அச்சிடுவது எந்த அறத்தின்பாற்படும்?

கட்டும் முறையும் எளிதன்று. சுண்ணாம்பையும் மணலையும் நீரிட்டு அரைத்துப் புளிக்க வைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துக் காரை ஆக்கினர். தேக்கு விட்டங்களின்மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக, கோணலாக அடுக்கி, அதன்மேல் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கொட்டி அடித்து இறுக்கித் தட்டோடு பாவினர். இச்சுவர் ஈரத்தை உண்டு, பின் வெளியே விடும். இதன்மேல் சீமைக்காரையைப் பூசிவிட்டால் ஈரம் உள்ளே சிறைப்பட்டுச் செங்கல் உளுத்துப்போகும். பின்னர், 'பழைய வீடு. இனித் தாங்காது' என்று சொல்லி இடிக்கின்றனர். உப்புக்காற்று வீசும் கடலோர ஊரில் இரும்புக் கம்பி துருவேறும் புதுக்கட்டடம் எத்தனை தலைமுறை தாங்குமென்று எவரும் கேட்பதில்லை!

பழிக்கப்பட வேண்டியது சீமைக்காரை மட்டுமன்று. உடன்பிறந்தார் பங்குபிரிவில் முற்றத்தின் நடுவே சுவர் எழுகின்றது. மனையின் விலை வீட்டின் விலையை விழுங்குகின்றது. அடுக்குக் கடைகள் எழுகின்றன. காப்பாற்றப்பட்ட மனைகளுட் சில தங்கும் விடுதிகளாயின. இடிவதைக் காட்டிலும் அது மேல் என்க. எனினும் காசு கொடுத்துத் திண்ணையில் அமரும் நிலை தமிழ்த் திண்ணைக்குப் பெருமையாகாது.

வழியில்லாமலில்லை. வைசியாள் தெருவில், 'இன்டாக்' என்னும் மரபுக்காப்பு அறக்கட்டளை, ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளுதவியுடன் ஒரு வரிசை வீடுகளின் முகப்புகளைத் திருத்தியது. அப்பணிக்கு 2008இல் யுனெசுகோவின் ஆசிய-பசிபிக் மரபுக்காப்பு விருது கிடைத்தது. ஒற்றை வீட்டைக் காப்பதினும் தெருவைக் காப்பதே தக்கதென்பதற்கு அது சான்று. ஆயின் முகப்பு மட்டும் வீடாகாது. பின்னே முற்றம் மூடப்பட்டால் எஞ்சுவது நாடகத் திரையே.

கடற்கரைச் சாலையில் மக்கள் 'மேரி' என வழங்கும் கட்டடம், மேரி என்னும் பெண்ணின் பெயரால் அமைந்ததன்று. நகராட்சி மன்றத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லே அவ்வாறு திரிந்தது. 1870-71இல் எழுந்த அது, பல்லாண்டு பழுது பாராமல் விடப்பட்டு, 2014 நவம்பர் 29ஆம் நாள் மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கியின் பொருளைக் கொண்டு பழைய தோற்றத்திலேயே புதிதாகக் கட்டப்பட்டு, 2021 பிப்பிரவரியில் தலைமையமைச்சரால் திறந்து வைக்கப்பட்டது. கடற்கரைக் கட்டடத்திற்கு உலக வங்கி வந்தது. மேற்குத் தெருவின் ஓட்டுவீட்டுக்கு யாரும் வரப்போவதில்லை. அங்கே உரிமையாளரே ஏணி வைத்து ஏறல் வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் உடைந்த ஓட்டை மாற்றி, நீர்த்தாரையை அடைத்த இலைதழையை அகற்றி, மதிலில் வேர்விட்ட அரசங்கன்றைப் பிடுங்கி, வெடிப்பில் சுண்ணாம்புக் காரையே பூசல் வேண்டும். இடிப்பதே முடிவாயினும், அதற்குமுன் தூண்களையும் வாயிலையும் முற்றத்தையும் அளந்து ஒரு தாளில் வரைந்து வைத்தல் வேண்டும்.